சும்மா, ஷிபுயாவில்

நான்காவது முறையும் கடந்துவிட்டேன்.
மருந்துக்கடை வாசலிலிருந்து நிலையத்துக்கு,
நிலையத்திலிருந்து கண்ணாடிக் கட்டடத்துக்கு,
அங்கிருந்து மூலைவிட்டமாக வேறெங்கோ,
மறுபடி மருந்துக்கடை.
எட்டாம் வகுப்புக்குப் பிறகு
மூலைவிட்டம் இன்றுதான் பயன்படுகிறது.

மழை.
அறுநூறு யென்னுக்கு வாங்கிய கண்ணாடிக் குடை.
எல்லார் கையிலும் அதே குடை.
என்னோடு வந்தவர்கள் மேலே காப்பிக் கடை ஜன்னலில்.
உன்னைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை,
ஒரு சிவப்புக் குடையாவது வாங்கியிருக்கலாமே
என்று வாட்ஸப்பில் வருகிறது.

எள் போட்டால் எள் விழாது என்று
கேட்டு வளர்ந்த காது எனக்கு.
இங்கே விழும்.
நான்கு பக்கமும் கூட்டம் புறப்பட்டு
ஒன்றை ஒன்று நோக்கி வரும்போதும்
ஒவ்வொருவரோடும் ஓர் எள்ளளவு இடம்
கூடவே நடந்து வருகிறது.
குடைகள் உயர்கின்றன, சாய்கின்றன,
ஒரு கம்பி இன்னொரு கம்பியைத் தொடவில்லை.
தொட்டது என்னுடையது மட்டும்.
மூன்று பேரிடம் மன்னிப்புக் கேட்டேன்.
மூவரும் எனக்கு முன்பே கேட்டுவிட்டார்கள்.

பாதிப் பேர் என்னைப் போலத்தான்.
பின்னோக்கி நடந்தபடி தன்னையே படமெடுக்கும் ஒருவர்.
ஒரே மஞ்சளில் ஐந்து மழைக்கோட்டு, ஒரு குடும்பம்.
மீதிப் பாதிக்கு எங்கோ போகவேண்டியிருக்கிறது.
சாலையில் வைத்த தடுப்புக் கூம்புகளைப் போல
எங்களைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள்.

ஐந்தாம் முறைக்குக் காத்திருக்கையில்
பக்கத்தில் ஒருவர்.
இடது கன்னத்தை உள்ளங்கையில் ஏந்தியிருந்தார்.
இரண்டு பச்சைகளை அவர் விட்டுவிட்டதை
நான் பார்த்திருந்தேன்;
என் நான்கையும் அவர் எண்ணியிருப்பார் போல.
ஏதோ கேட்டார். கைபேசியை நீட்டினேன்.
பழைய வானொலிச் செய்திக் குரலில் அது சொன்னது:
தாங்கள் இடையறாது எவ்விடம் செல்கின்றீர்கள்?

சும்மா, என்றேன்.

கைபேசி யோசித்தது.
அந்தச் சின்ன வட்டம் சுற்றியது, சுற்றியது.
பிறகு ஜப்பானிய மொழியில் ஏதோ சொன்னது,
நான் சொன்னதைவிட நீளமாக.
அவர் சிரித்தார். உடனே
கன்னத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

பெயர் நிஷிகோரி. லிஃப்ட் பழுது பார்க்கிறவர்.
எதிர்க் கட்டடம், ஆறாவது மாடி,
பல் மருத்துவர், மூன்றே காலுக்கு.
எனது கடைவாய்ப் பல்
இன்று அகற்றப்படவிருக்கிறது
என்று அறிவித்தது கைபேசி,
புயல் கரையைக் கடக்கப்போவதைச் சொல்வது போல.

பச்சை விழுந்தது.
அவர் நகரவில்லை.
எனக்கும் தனியாகப் போக மனம் வரவில்லை.

அடுத்த பச்சையில் என் செருப்பைக் காட்டினார்,
பிறகு வெள்ளைக் கோடுகளை.
இறங்கினோம்.
நடுவில் வலப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும் அவர்.
திரும்பவில்லை.
மூலைவிட்டத்தின் கடைசிவரை வந்து
யாருக்கும் எந்த வேலையும் இல்லாத ஒரு மூலையில்
என்னோடு ஏறி நின்றார்.
கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று எட்டு.
இன்னொரு தடவை, என்று விரலைக் காட்டினார்.
முப்பது வருடமாகக் கடக்கிறாராம்,
ஒருநாளும் இப்படி இல்லையாம்.
இதைச் சொல்லும்போது செய்தி வாசிப்பவரின் குரல்கூடக்
கொஞ்சம் இறங்கியதாகத் தோன்றியது.
தோன்றியதுதான்.

இரண்டாம் தடவை அவருடைய கட்டடத்தின் பக்கம்
ஒதுங்கினோம், யார் முடிவு செய்தது என்று தெரியவில்லை.
குடையை மடக்கி, நான்கு முறை உதறி,
வாசலில் இருந்த நெகிழி உறைக்குள் நுழைத்தார்.
லேசாகக் குனிந்தார், கன்னத்தோடு சேர்த்து.
லிஃப்டில் ஏறுவதற்கு முன்
கதவு ஓடும் தடத்தை
வேலைக்கு வந்தவர் போல உற்றுப் பார்த்தார்.

திரும்பினால் சிவப்பு.
கடைசி ஆள் ஓடிக் கரையேறிவிட்டான்.
வண்டிகள் இன்னும் கிளம்பவில்லை.
ஒரு மூச்சு நேரம் அங்கே யாருமில்லை.
நனைந்த கோடுகள் மட்டும்.
எள் மூட்டையே விழலாம்.

எங்கேயடி நிற்கிறாய் என்று மறுபடி வாட்ஸப்.
பதில் போடவில்லை.
ஆறாவது மாடியில் ஒரு விளக்கு எரிந்தது.
அவருடைய அறையாக இருக்கவேண்டிய அவசியமில்லை.
என் நாக்கு தானாகப் போய்
கடைவாய்ப் பல்லைத் தொட்டுப் பார்த்தது,
இடதுபக்கம் ஒருமுறை,
பிறகு வலதுபக்கம்.